ஆழிமுனையின் நகர்க்காவலும் தெருப்படையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் சிலர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். கட்டை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுவது. கதை நடக்கும் இடம் ஆழிமுனை என்ற கற்பனைத் துறைமுக நகரம். அதே நகரத்தை வைத்துச் சிறுகதை எழுதுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். வரைபடமும் சட்டப்புத்தகமும் என்னிடம் இருப்பதால் சந்தேகம் எல்லாம் என்னிடம்தான் வரும். அதில் பாதிக்கு மேல் காவலைப் பற்றியது. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே, இங்கே சேர்த்திருக்கிறேன்.

புதியவர்களுக்கு நகரத்தைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு குடாக்களுக்கு நடுவே ஒடுங்கிப்போன நிலத்தில் ஆழிமுனை இருக்கிறது. முப்பதாயிரம் சனம். அரசன் இல்லை, கப்பல்காரரும் வணிகரும் கூடிய துறைச்சபைதான் ஆட்சி. உட்துறைமுகத்தின் அடியில் ஆழியர் என்ற நீர்மக்கள் வாழ்கிறார்கள். வானத்தில் நிலவு இரண்டு.

அக்கா, நகர்க்காவல், தெருப்படை ரெண்டும் ஒண்டுதானே? ஏன் ரெண்டு பேர்?

ஒன்றல்ல. நகர்க்காவல் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். 180 பேர். மூன்று நகரவாசல், இறங்குதுறை, சுங்கக் கிட்டங்கி, சிறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தெருப்படைக்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு ஒருவர், பன்னிரண்டு இரவுக்கு ஒரு இரவு, தன் தெருவைச் சுற்றி வரவேண்டும். பதிவேட்டில் 2,400 பேர் இருக்கிறார்கள், ஆகவே எந்த இரவிலும் 200 பேர் வெளியே நிற்பார்கள்.

ஒரு பாத்திரம் இந்த இரண்டில் எது என்று குழப்பம் வந்தால், அவரை வேலையிலிருந்து நீக்க யாரால் முடியும் என்று பாருங்கள். நகர்க்காவலரைத் துறைச்சபை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். தெருப்படைக்காரரை யாரும் நீக்க முடியாது, அவர் அந்தத் தெருவிலேயே பிறந்து அந்தத் தெருவிலேயே சாகிறவர். முதலாமவர் மேலிடத்துக்குப் பயப்படுவார். இரண்டாமவர் பக்கத்து வீட்டுக்குப் பயப்படுவார். அந்தப் பயம் எது என்று தெரிந்தால் பாத்திரம் தானாகப் பேசத் தொடங்கும்.

நான் என்ட கதையில ஆயிரம் காவலர் போட்டுட்டன். கூடிட்டா?

கூடித்தான் போய்விட்டது. பழைய நகரங்கள் மிகக் குறைந்த ஆட்களை வைத்துத்தான் ஓடின. ஜப்பானின் எடோவில் (இன்றைய தோக்கியோ) 18ஆம் நூற்றாண்டில் நகரச் சனம் மட்டும் ஐந்து இலட்சம் அளவில் இருந்தது. அவர்களைப் பார்த்துக்கொண்ட இரண்டு நடுவர் அலுவலகங்களிலும் சேர்த்து முந்நூறுக்குக் கிட்டவே காவல் அதிகாரிகள். மிச்ச வேலையைச் சனமே செய்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மரக்கதவு, இரவில் அதைப் பூட்டக் குடியிருப்பவர்கள் வைத்த ஆள். ஏதென்ஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒழுங்கு காத்தவர்கள் நகரம் விலைக்கு வாங்கிய சித்திய வில்லாளர்கள். அடிமைகள்தான். தொடக்கத்தில் 300 பேர்.

நாம் இன்றைக்கு நினைக்கிற மாதிரி சீருடை போட்டு, நாள் முழுக்கச் சுற்றுகிற பொலிஸ் லண்டனுக்கே 1829இல்தான் வந்தது. ஆகவே சந்திக்குச் சந்தி காவலர் நிற்கும் நகரத்தை எழுதினால், வாசகர் அதை ஆக்கிரமிக்கப்பட்ட நகரம் என்றுதான் வாசிப்பார். அதுதான் உங்கள் எண்ணம் என்றால் ஆயிரம் பேரைத் தாராளமாகப் போடுங்கள்.

சம்பளம் யார் குடுக்கிறது? அது முக்கியமா?

இந்தப் பக்கத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். வாளையும் கவசத்தையும் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, காவலர் வீட்டில் அரிசி எப்படி வருகிறது என்று ஒரு வரி கூட எழுதாத கதைகள் என்னிடம் நிறைய வருகின்றன.

ஆழிமுனையில் நகர்க்காவலின் சம்பளம் துறைத் தீர்வையிலிருந்து வருகிறது. கப்பலில் வந்த பொதிக்கு முத்திரை குத்தினால்தான் தீர்வை கட்டியதாகக் கணக்கு. இது பட்டினப்பாலையில் இருந்து எடுத்தது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர் ஓய்வில்லாமல் பொதிகளுக்குப் புலி முத்திரை இடுவதை அதில் வாசிக்கலாம். தீர்வையில் சம்பளம் என்றால் என்ன நடக்கும்? கப்பல் வராத மாதத்தில் சம்பளம் இல்லை. கள்ளக்கடத்தலைப் பிடிக்க நகர்க்காவல் உயிரைக் கொடுக்கும், ஒரு ஏழையின் கோழி காணாமல் போனால் திரும்பியும் பார்க்காது.

வேறொரு வழியும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஊர்க்காவலுக்கான வரி வருகிறது. பின்னாளில், 18ஆம் நூற்றாண்டுத் தென் தமிழகத்தில், காவல்காரருக்கு ஊர் கூலி கொடுக்கும். பதிலுக்குத் திருட்டுப் போனதை அவர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாளையக்காரர்கள் காவலைத் தேசகாவல், தலகாவல் என்று வசூலாக்கினார்கள். கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும், துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். காவலனும் கள்வனும் ஒரே ஆளாகிவிடும் இடம் அது. ஆழிமுனைக்கு வெளியே, காட்டுப்பக்கக் கிராமங்களில், இந்த முறையைத்தான் வைத்திருக்கிறேன். அங்கே கதை வைக்கிறவர்களுக்குப் பஞ்சமே இராது.

ஆயுதம் என்னென்ன வச்சிருப்பாங்க?

நகர்க்காவலுக்கு இரும்பு வளையம் போட்ட தடி, குட்டை வாள். வாளை உருவினால் ஏன் உருவினேன் என்று மறுநாள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே தடிதான் அதிகம் பேசும். தெருப்படை வீட்டில் இருப்பதைக் கொண்டு வரும். மீனவர் தெருவில் மண்டாவும் (மீன் குத்தும் ஈட்டி) வீச்சுவலையும், தச்சர் தெருவில் வாய்ச்சியும். ஓடுகிறவனை உயிரோடு பிடிக்க வீச்சுவலையை மிஞ்சிய ஆயுதம் இல்லை. விளையாட்டில் அதற்குக் கட்டையில் இரண்டு புள்ளி கூட.

பொம்பிளையள் தெருப்படையில நிக்கலாமா? இல்லாட்டி வீட்டுக்கு ஒரு ஆம்பிளைதானா?

வீட்டுக்கு ஒருவர் என்பதுதான் சட்டம், ஆணா பெண்ணா என்று அதில் இல்லை. துறைமுக நகரத்தில் ஆண்கள் பாதி நாள் கடலில் இருப்பார்கள். பெண்களை விட்டால் நிற்க யார்? மீன் சீசன் நேரத்தில் உப்பளக்கரைத் தெருவின் படை முழுக்கப் பெண்கள்தான், தலைவி அறுபது வயதுக்காரி. வயதெல்லை பதினாறு முதல். மேலெல்லை இல்லை, நடக்க முடிந்தால் போதும்.

நகர்க்காவல் விசயத்தில் எழுதாத தடை ஒன்று இருக்கிறது. சட்டம் தடுக்கவில்லை, ஆனால் இதுவரை 180 பேரில் பெண்கள் நான்கே பேர், நால்வரும் சிறையில் பெண்கள் பகுதியில். இதை மாற்றுகிற கதை ஒன்றை யாராவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ராத்திரியில தெருவில நடந்தா பிடிச்சுடுவாங்களா?

முதற் சங்கு ஊதியபின் விளக்கில்லாமல் நடந்தால் நிறுத்தி விசாரிப்பார்கள். விளக்கோடு போனால் விடுவார்கள். களவுக்குப் போகிறவன் விளக்கு கொண்டுபோக மாட்டான் என்பது கணக்கு. அர்த்தசாத்திரத்திலும் இதே விலக்கு உண்டு. ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்தால் தண்டம், ஆனால் விளக்கோடு வருகிறவர், பிரசவம் பார்க்கப் போகிற மருத்துவச்சி, வைத்தியர், பிணம் கொண்டு போகிறவர்கள், தீயணைக்க ஓடுகிறவர்கள் ஆகியோரைப் பிடிக்கக் கூடாது. இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு கள்வன் என்ன வேசம் போடுவான் என்று உடனே தெரியும். எங்கள் மேசையில் பொய்ப் பாடை தூக்காத குழுவே இல்லை. இப்போது தெருப்படை பாடையைக் கண்டால் துணியை விலக்கிப் பார்க்கிறது.

இங்கிலாந்தில் 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டம் கொஞ்சம் கடுமை. சூரியன் மறைந்ததும் நகரவாசல் பூட்டு, வாசலுக்கு ஆறு பேர், தெரியாத ஆள் வந்தால் விடியும்வரை பிடித்து வை. ஆழிமுனையில் அவ்வளவு கடுமையாக இருந்தால் துறைமுகம் படுத்துவிடும். இரவில்தான் பாதிக் கப்பல் வந்து சேரும்.

மழை இரவைச் சும்மா விடாதீர்கள். காவலர் கூரைக்குக் கீழே ஒதுங்குவார், கள்வர் புறப்படுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். மதுரைக்காஞ்சியில் வரும் ஊர் காப்பாளர் மழை கொட்டும் நடுச்சாமத்திலும் அம்போடு தெருவில் இறங்குகிறார்கள். எதிரே வருகிற கள்வரிடம் நூலேணியும் நிலம் தோண்டும் உளியும் இருக்கின்றன. தன் எதிரிக்குத் தொழில் தெரியும் என்று தெரிந்த காவலரை எழுதுவது நல்லது.

தீ பிடிச்சா யார் வாறது?

தெருப்படைதான். ரோமில் அகஸ்டஸ் கி.பி. 6இல் அமைத்த இரவுக்காவலுக்கும் முதல் வேலை தீயணைப்பு, கள்வரைப் பிடிப்பது அதற்கு அடுத்ததுதான். ஏழு அணி, பதினான்கு வட்டாரம், பெரும்பாலும் விடுதலை பெற்ற அடிமைகள். தெருச் சந்திகளில் தண்ணீர்க் குடங்களை வரிசையாக நிறைத்து வைப்பது அர்த்தசாத்திரத்திலிருந்து வந்தது. மந்திரத் தீயைத் தண்ணீரால் அணைக்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. மணல்.

எங்கட குழு ஒவ்வொரு முறையும் காவலரை அடிச்சுப்போட்டு ஓடிடுது. என்ன செய்யிறது அக்கா?

அடிக்க விடுங்கள். அதற்குப் பிறகு நடப்பதை ஆடுங்கள். காவலர் விழுந்ததும் ஒரு கூக்குரல் எழும். கூக்குரல் கேட்ட தெரு முழுக்க எழுந்து துரத்தவேண்டும் என்பது ஆழிமுனைச் சட்டம். துரத்தாத தெரு நட்டத்தைத் தானே கட்டவேண்டும். இதையும் நான் கற்பனை பண்ணவில்லை. மேலே சொன்ன வின்செஸ்டர் சட்டத்தில் கொள்ளைக்காரனைப் பிடித்துக் கொடுக்காத வட்டாரம் இழப்பை ஈடு செய்யவேண்டியிருந்தது. அப்படியென்றால் உங்கள் வீரர்களைத் துரத்துவது 180 பேரில் மூன்று பேர் அல்ல. செருப்பில்லாமல், கையில் துடுப்போடு, தூக்கம் கலைந்த கோபத்தில் ஓடிவரும் எண்பது பேர்.

தப்பினாலும் கதை முடியாது. அடிபட்ட காவலர் யாருக்கோ மச்சான், யாருக்கோ மருமகன். அடுத்த நாள் சந்தையில் உங்களுக்கு மீன் விற்க ஆள் இராது. படகுக்காரர் காசை வாங்கிக்கொண்டு நடுக்குடாவில் துடுப்பை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசத் தொடங்குவார். வாளைவிட இது கூட வேலை செய்யும், பரீட்சித்துப் பாருங்கள்.

உப்பாணை எண்டா என்ன? அது எடுத்தவர் பொய்யே சொல்ல ஏலாதா?

இங்கேதான் ஆழிமுனை நம் உலகத்திலிருந்து பிரிகிறது. காவலுக்குப் போகிறவர், நகர்க்காவலோ தெருப்படையோ, அந்தி நேரத்தில் நாக்கில் ஒரு கல் உப்பு வைத்துக் கடலைப் பார்த்து ஆணை எடுப்பார். அந்த இரவின் காவலில் கண்ணால் கண்டதைப் பற்றி அவரால் பொய் சொல்ல முடியாது. சொல்ல முயன்றால் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். விடிந்தபின் கேட்டாலும் அந்த இரவைப் பற்றிய கட்டு நிற்கும். வேறு எதைப் பற்றியும் தாராளமாகப் பொய் சொல்லலாம்.

பேசாமல் இருக்கலாம், அதை ஆணை தடுக்காது. ஆனால் விசாரணையில் வாய் திறக்காத காவலரைத் துறைச்சபை குற்றத்துக்கு உடந்தை என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, ஆணை கண்டதற்கு மட்டும்தான். கேட்டதற்கு இல்லை. இருட்டில் நடக்கும் சங்கதிகளில் பாதி காதால் கேட்பவை என்பதை யோசித்தால் இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று புரியும்.

அப்ப லஞ்சம் எப்பிடி நடக்கும்? உண்மையைத்தானே சொல்லியாகணும்?

முந்திய பதிலிலேயே வழி இருக்கிறது. காணாதவர் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆழிமுனையில் லஞ்சம் வாங்குவது ஒரு கலை: சரியான நேரத்தில் சரியான பக்கம் முதுகைத் திருப்புவது. கிட்டங்கியின் வடக்கு மதிலில் பொதி இறங்கும்போது தெற்கு மதிலில் காவலர் விளக்குத் திரியை வெட்டிக்கொண்டிருப்பார். விசாரணையில், “நான் எதையும் பார்க்கவில்லை” என்பார். நாக்கு வறளாது, ஏனென்றால் அது உண்மை.

இதனால் துறைச்சபை விசாரணையில் கேட்கிற கேள்வியே மாறிவிட்டது. என்ன கண்டாய் என்று கேட்பதில்லை. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய், எவ்வளவு நேரம், ஏன் என்று கேட்பார்கள். எதையும் காணாமலே ஒரு மாதம் காவல் செய்தவர் வேறு வேலை தேட வேண்டியதுதான். இந்தக் குறுக்கு விசாரணையை மேசையில் ஆடிப் பாருங்கள், சண்டையைவிடச் சுவாரசியம் என்று நான் நினைக்கிறேன். சண்டை பிடிக்கிற பெடியன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சம்பளம் தீர்வையில் தங்கியிருப்பதையும் மறக்க வேண்டாம். கப்பல் வராத மழைக்காலத்தில் காவலரின் முதுகு மலிவாகக் கிடைக்கும்.

நிழல்மாறி வேற ஆளின்ட முகத்தோட வாசலுக்கு வந்தா எப்பிடிக் கண்டுபிடிப்பாங்க?

நகர்க்காவலால் கண்டுபிடிக்க முடியாது, உள்ளே விட்டுவிடும். மாட்டிக்கொள்வது தெருவில்தான். நிழல்மாறிக்கு முகம் வரும், நினைவு வராது. கடைக்காரருக்கு எவ்வளவு கடன் பாக்கி, எந்த வீட்டோடு கதைபேச்சு இல்லை, எந்த நாய்க்குப் பயம் என்று அதற்குத் தெரியாது. தெருப்படை எந்தச் சோதனையும் வைப்பதில்லை. “என்ன, கோவிச்சுக்கொண்டு போனீங்கள், திரும்பி வந்திட்டீங்களா?” என்று சும்மா கேட்கும். அதற்கு என்ன பதில் வருகிறது என்பதில்தான் எல்லாம்.

வெளியூரிலிருந்து வருகிறவர் யாருக்கும் தெரியாதவர். அவருக்கு உள்ளூரில் ஒருவர் பிணை நிற்கவேண்டும். விடுதிக்காரர் பிணை நிற்கலாம், ஆனால் தங்கியவர் பெயரை அன்றிரவே தெருத்தலைவரிடம் சொல்லவேண்டும். ஆள் நிழல்மாறி என்று தெரிந்தால் பிணை நின்றவர் தண்டம் கட்டுவார். ஆகவே விடுதிக்காரர்கள்தான் நகரத்தின் மிகக் கூர்மையான காவலர்கள்.

தண்ணிக்குள்ள கொலை நடந்தா அது யாரின்ட வழக்கு?

ஆழியருக்கு அடித்துறைக்காவல் என்று சொந்தக் காவல் இருக்கிறது. அவர்கள் உப்பாணை எடுப்பதில்லை, உப்புக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. அதனால் நிலத்து நீதிமன்றம் அவர்கள் சாட்சியத்தைப் பாதியாகத்தான் எடுக்கும். இது அநியாயம் என்று ஆழியர் மூன்று தலைமுறையாக வாதாடுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எல்லை என்பது நீர்க்கோடு. நீருக்குள் கிடந்தால் அவர்கள் வழக்கு, வெளியே கிடந்தால் நகரத்தின் வழக்கு. திருகோணமலையில் இருந்துகொண்டு இதை யோசித்தால் சின்ன விசயமாகத் தெரியும், நம் கடலில் வற்றும் பெருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டு நிலவு உள்ள ஆழிமுனையில் நீர் ஐம்பது பாகம் (ஏறக்குறைய முந்நூறு அடி) உள்வாங்கும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே கிடக்கும் சேறு ஆறு மணித்தியாலம் ஒருவருக்கு, ஆறு மணித்தியாலம் மற்றவருக்கு. பிணம் நகரவில்லை, வழக்கு நகர்கிறது. எந்தப் பக்கத்துக்கு வழக்கு வேண்டாமோ அந்தப் பக்கக் காவலர் மெதுவாக நடந்து வருவார்கள்.

தெருப்படைக்கே வெறி பிடிச்சு, கும்பலா மாறினா?

மாறியிருக்கிறது. ஆழிமுனை வரலாற்றில் அதைக் கயிற்றுத்தெரு இரவு என்பார்கள். ஒரு பிள்ளையைக் காணவில்லை, ஆழியர்தான் இழுத்துப் போனார்கள் என்று கதை பரவியது. கயிற்றுத்தெருப் படை பக்கத்துத் தெருவுக்குள் புகுந்து, ஆழியரோடு வியாபாரம் செய்த குடும்பங்களின் படகுக் கொட்டில்களை எரித்தது. பிள்ளை மாமா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் உப்பாணை எடுத்தவர்கள், மறுநாள் கண்டதை அப்படியே உண்மையாகச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் காணாத ஒன்றை நம்பித்தான் எரித்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று ஏற்பாடு வந்தது. தெருப்படை தன் தெருவைத் தாண்டவேண்டுமென்றால் அடுத்த தெரு சங்கால் பதில் தரவேண்டும். மண்டாவைத் தவிர்ந்த கொலை ஆயுதம் எல்லாம் இரண்டு பூட்டுள்ள அறையில், ஒரு சாவி தெருத்தலைவரிடம், மற்றது நகர்க்காவலிடம். பிறகு, ஒரே குடும்பம் அடுத்தடுத்து இரண்டு முறை தெருத்தலைமை ஏற்கக் கூடாது. மூன்றும் போதுமா என்று கேட்டால், போதாது. இரண்டு சாவிக்காரரும் ஒரே கதையை நம்பினால் அறை திறந்துவிடும்.

இது எங்கட ஊரைத்தானே மறைச்சு எழுதிறீங்கள்?

இடத்தை எடுத்திருக்கிறேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. இரண்டு குடா, ஒரு முனையில் கோயிலும் கோட்டையும், உட்துறைமுக வாயைப் பார்த்து இன்னொரு கோட்டை: பிரெட்ரிக் கோட்டையையும் ஒஸ்டன்பர்க்கையும் தெரிந்தவருக்கு ஆழிமுனை வரைபடம் புதிதல்ல. வாசலில் மான் நிற்பதும் அங்கிருந்து வந்ததுதான்.

சனத்தை எடுக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் இங்கே அரசாங்கம் ஊர்காவல் படை என்று கிராமத்தவர்களுக்குத் துவக்குக் கொடுத்தது. 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமானது. அந்தக் காலத்தைக் கண்ட குடும்பங்கள் எங்கள் மேசையைச் சுற்றியே இருக்கின்றன, எல்லாச் சமூகத்திலும். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஆழிமுனையின் எந்தக் கூட்டமும் நிஜத்தில் உள்ள எந்தச் சமூகத்துக்கும் பதிலாள் அல்ல. ஆழியர் யார், கயிற்றுத்தெருவார் யார் என்று பெயர் ஒட்டத் தொடங்கினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி வைப்பேன். ஆனால் யாருக்கு ஆயுதம் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை, சாவடியில் யாரை இறக்கி நடக்க வைத்தார்கள் என்ற கேள்விகளைத் தடுக்கமாட்டேன். அவற்றை இந்த ஊர்ப் பிள்ளைகளைவிட நன்றாக யாராலும் எழுத முடியாது.

ஆழிமுனையை வேற நாடு பிடிச்சா காவல் யாரின்ட பக்கம் நிக்கும்?

நம் துறைமுகத்தின் கதையைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1639இல் போர்த்துக்கீசரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1782இல் மட்டும் இரண்டு முறை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர் எடுத்தார்கள், ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர். பிறகு திரும்பவும் ஒல்லாந்தர், 1795இல் மறுபடி ஆங்கிலேயர். கொடி இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது மீன் சந்தை கூடவேண்டும், கிணற்றுக்குப் போகிறவர் போகவேண்டும், இரவில் யாரோ காவல் நிற்கவேண்டும். ‘லஸ்கரின்’ எனப்பட்ட இலங்கையின் உள்ளூர்ப் படைவீரர்கள் போர்த்துக்கீசருக்கும் சேவகம் செய்தார்கள், ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் செய்தார்கள்.

ஆழிமுனையிலும் அப்படித்தான். புதிய ஆட்சி தீர்வையைக் கையில் எடுத்த அன்றே நகர்க்காவல் அதன் கையில். முதல் பதிலில் சொன்னதுபோல, சம்பளத்தை நிறுத்தக்கூடியவர் யாரோ அவருக்குத்தான் அது பயப்படும். தெருப்படையை அப்படி எடுக்க முடியாது. அதைக் கலைக்கலாம், ஆனால் கலைத்தால் ஒவ்வொரு தெருவிலும் இரவுக்கு ஆள் நிறுத்த வேண்டிய செலவு புதிய ஆட்சியின் தலையில். புத்திசாலியான படையெடுப்பாளர் தெருப்படையை விட்டுவிட்டு, இரண்டாவது சாவியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

காசுள்ளவை தங்கட முறைக்குக் கூலிக்கு ஆள் அனுப்பலாமா?

மாற்றாள் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒல்லாந்தில் நகரப் படையணியில் இருப்பதே பணக்காரருக்குப் பெருமையாக இருந்தது. ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த பெயர்போன இரவுக்காவல் ஓவியத்தில் நிற்கும் படைக்காரர்கள் அதில் இடம்பெறத் தங்கள் பங்கைக் காசாகக் கொடுத்தவர்கள். ஆழிமுனையின் மேட்டுவாசல் தெருவிலும் கப்பல்காரர் வருடத்தில் ஒருநாள் அணிவகுப்புக்குப் பட்டுடுத்தி வருவார், மிச்ச இரவுகளுக்கு மாற்றாள்.

சிக்கல் எங்கே என்றால், மாற்றாளுக்குத் தெரு தெரியாது. நிழல்மாறியை மடக்கும் அந்தச் சாதாரணப் பேச்சு அவருக்கு வராது. மேட்டுவாசலில்தான் மதில் உயரம், பூட்டுக் கனம், களவும் கூட.

ரெண்டு காவலர் ஒரே சம்பவத்தைக் கண்டு, ரெண்டு பேரும் உப்பாணையில வேற வேற சொன்னா?

சொல்லலாம். உப்பாணை பொய்யைத்தான் தடுக்கும், பிழையாகக் கண்டதைத் தடுக்காது. மழையில் நீலச் சால்வையைக் கறுப்பு என்று கண்டவர் கறுப்பு என்றே சொல்வார், நாக்கு வறளாது. துறைச்சபை இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதி, இருவரும் நின்ற இடத்துக்கு அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில், வேறொருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லும். இரண்டு நிலவும் அதே நிலையில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தால் வழக்கு மாதக்கணக்கில் இழுபடும், சந்தேகத்தில் பிடிபட்டவர் அதுவரை சிறையில். பிணையில் எடுக்கலாமா என்றால், தெருத்தலைவர் கையெழுத்து வைத்தால் எடுக்கலாம்.